நாக்கு மாஸ்டர்

ரப்பர் குழாயின் ஒரு முனை டேஷ்போர்டின் வயிற்றுக்குள் எங்கோ போய் மறைந்திருக்கிறது. மறுமுனை மாஸ்டரின் வாயில் இருக்கிறது. கன்னம் இரண்டும் குழிய, கண்ணை மூடிக்கொண்டு ஒரு இழுப்பு இழுக்கிறார். பிறகு குழாயின் வாயை நாக்கு நுனியால் அடைத்தபடி அப்படியே நிற்கிறார். குழாய் நாக்கைக் கவ்விக்கொண்டு தொங்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நழுவி விழுந்தால் எங்கோ ஓட்டை. இந்த நேரம் பார்த்து யாராவது "எவ்ளோ நேரம் ஆகும் மாஸ்டர்?" என்று கேட்டால், தொங்கும் குழாயோடு அவர் என்னவோ பதில் சொல்வார். அது எந்த மொழி என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

தெருவில் அவருக்கு நாக்கு மாஸ்டர் என்றே பெயர். கடைப் பலகையில் வேறு ஏதோ எழுதியிருக்கிறது. எழுத்து உதிர்ந்து பாதிதான் மிச்சம். "நாக்கு மாஸ்டர் பட்டறை எதுங்க?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்து அவரே கையைத் தூக்குவார். "வாங்க, நாக்கு இங்கதான் இருக்கு" என்பார். இதில் அவருக்கு வருத்தம் இருக்கிறதா, பெருமையா என்று கண்டுபிடிக்க நானும் முயன்று பார்த்தேன். பெருமைதான்.

நான் பட்டறைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன். பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவன். சைக்கிளுக்குக் காற்றடிக்கவும் எனக்கு ஆள் வேண்டும். என்னை அவர் 'மாடி சார்' என்று கூப்பிடுவார். எனக்குப் புரிகிறதா இல்லையா என்ற கவலையே இல்லாமல் எல்லாவற்றையும் விளக்குவார். நானும் தலையை ஆட்டுவேன். எங்கள் சிநேகம் இப்படித்தான் வளர்ந்தது.

பட்டறை ஒரு மேட்டுத் தெருவின் நடுவில் இருக்கிறது. கைதவறி விழுந்த ஸ்பேனர் வாசலைத் தாண்டி ரோட்டுக்கு ஓடிவிடும். நிற்கிற ஒவ்வொரு வண்டியின் சக்கரத்துக்கும் ஒரு செங்கல் அணை கொடுத்திருப்பார். என்ஜின், கியர் பக்கமெல்லாம் அவர் தலைவைத்துப் படுப்பதில்லை. பழைய கார்களில் காற்றும் சூடும் வரும் வழிகள் மட்டுமே அவர் வேலை. "எந்தக் காலுங்க குளிருது? வலதா, இடதா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. வந்தவர் திருதிருவென்று விழித்து, குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொள்வார்.

"என்ஜின் மூச்சு இழுக்குதுல்ல சார், அந்த மூச்சுல கொஞ்சத்தைத் திருடிக்கிட்டு வர்ற குழாய்தான் இது. டேஷ்போர்டுக்குப் பின்னாடி குட்டிக் குட்டிக் கதவு இருக்கு. இந்த மூச்சு இழுத்தா கதவு தெறக்கும். காலுக்குன்னா காலுக்கு, மூஞ்சிக்குன்னா மூஞ்சிக்கு. மூச்சு நின்னுதுன்னா எல்லாக் காத்தும் முன்கண்ணாடிக்குப் போயிடும். அது அப்படித்தான் படைச்சிருக்கு."

அந்தக் குழாயில் காற்றின் இழுப்பைத் தவிர வேறொன்றும் இருக்கக் கூடாது. ஆனால் வயதான வண்டிகளில் ஏதாவது ஈரம் உள்ளே புகுந்துவிடும். புகுந்தால் ரப்பர் உப்பும், சவ்வு பிசுபிசுக்கும், கதவுகள் பாதியில் நின்றுபோகும். என்ன ஈரம் என்று தெரிந்தால்தான் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். மாஸ்டரின் நாக்கு பெயர் வாங்கியது இந்த இடத்தில்தான். குழாயை ஒருமுறை உறிஞ்சி, சப்புக்கொட்டி, துப்பிவிட்டுத் தீர்ப்பு சொல்வார். நிறத்தைப் பார்த்தே சொல்லக் கூடாதா என்று ஒருநாள் கேட்டேன். "கறுப்பு ரப்பருக்குள்ள போயிட்டு வந்தா எல்லாமே கறுப்புதான் சார்" என்றார். முகர்ந்து பார்த்தால்? "பட்டறையில எல்லாமே பட்டறை வாசனைதானே?"

அவர் கணக்கு எளிமையானது. இனித்தால் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட். சூட்டுத் தண்ணீரைத் திறந்து மூடுகிற ஹீட்டர் வால்வின் சவ்வு கிழிந்து, அது உறிஞ்சப்பட்டிருக்கிறது. வால்வை மாற்றிக் குழாயைக் கழுவினால் தீர்ந்தது. கசந்தால் பிரேக் ஆயில். பிரேக்கை மிதிக்கும்போது காலுக்குப் பலம் சேர்க்கிற பூஸ்டர் என்ற பெரிய டப்பாவும் இதே என்ஜின் மூச்சில்தான் வேலை செய்கிறது. இரண்டு குழாயும் ஓரிடத்தில் பிரிகின்றன. பிரேக் சிலிண்டர் ஒழுகினால் எண்ணெய் பூஸ்டருக்குள் இறங்கி, அங்கிருந்து இந்தக் குழாய்க்கும் வந்துவிடும். "இனிச்சா கால்தான் குளிரும். கசந்துதுன்னா உசிரு. வண்டியை இந்த வாசலைத் தாண்ட விட மாட்டேன்" என்பார். நான் பார்த்திருக்கிறேன். கல்யாணத்துக்குக் கிளம்பிய ஒரு குடும்பத்தையே, பட்டும் பூவுமாக, பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்.

பட்டறையின் முன்பக்கத்தில் அவர் மனைவி கார் சீட்டுகளுக்கு உறை தைக்கிறார். தையல் மெஷினின் சத்தத்தை மீறிப் பேசிப் பேசி அந்த அம்மாளுக்குக் குரலே உரத்துவிட்டது. "ஊர்ல அவனவன் பாட்டில்மேல மண்டை ஓடு படம் போட்டு வெச்சிருக்கான். இவரு அதைச் சப்புக்கொட்டிப் பாக்குறாரு. ஏங்க, உங்களுக்கு அறிவிருக்கா?"

"முழுங்க மாட்டேன்மா. துப்பிடுவேன்."

"துப்பிட்டு அந்த வாயோட சாப்பிட வராதீங்க."

வாய் கொப்பளிக்க அவருக்கென்று ஒரு தனிச் சொம்பு உண்டு. அலமாரியின் மேல் தட்டில், கைப்பிடியும் முள் காட்டும் வட்டமுமாக, மூச்சின் இழுப்பை அளக்கிற நல்ல கருவி ஒன்று பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்தது. இப்போது அதன்மேல் ரேடியோ உட்கார்ந்திருக்கிறது. "மாப்பிள்ளை ஆசையா குடுத்தது. கெட்டுப்போயிடக் கூடாதுல்ல?" என்பார். மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர். மாமனார் எதிரில் நாற்காலியின் விளிம்பில்தான் உட்காருவார். ஒரு சொல் பேசுவதற்குள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொள்வார்.

போன குளிரில் மாஸ்டர் கடுமையான ஜுரத்தில் படுத்து எழுந்தார். எழுந்ததும் வந்த முதல் வண்டி மகளுடையது. மேட்டின் உச்சியில் அவர்கள் வீடு. தினமும் காலையில் குழந்தையைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு, இந்தச் சரிவு முழுவதும் இறங்கி, கீழே பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அவள் வேலைக்குப் போக வேண்டும்.

"அப்பா, காலுக்கு வெச்சா கண்ணாடிக்கு அடிக்குதுப்பா. மூஞ்சிக்கு வெச்சாலும் கண்ணாடிக்குத்தான் அடிக்குது. பாதம் ரெண்டும் ஐஸா போயிடுது."

மாஸ்டர் குழாயைப் பிடுங்கினார். ஈரம் சொட்டியது. உறிஞ்சினார். வழக்கத்தைவிடச் சற்று நேரம் வாயிலேயே வைத்திருந்தார். துப்பினார். "இனிப்பு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இனிப்புதான்" என்று மறுபடியும் சொன்னார். யாரும் மறுக்கவில்லையே, ஏன் இரண்டு முறை சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

ஹீட்டர் வால்வு மாறியது. குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். எது எந்த இடத்துக்கு என்று மறக்காமல் இருக்க, மனைவியின் டப்பாவிலிருந்து கலர் கலராக நூல் எடுத்து முனைகளில் கட்டினார். உப்பிப்போன முனைகளை வெட்டிப் போட்டுப் புது ரப்பர் இணைத்தார். மீதிக் குழாய்களில் ஸ்பிரிட் ஊற்றி, குழந்தைக்கு மருந்து பாட்டிலைக் குலுக்குவது போலக் குலுக்கி வடித்தார். காற்றடிக்கும் பெரிய மெஷின் பட்டறையில் இருந்தாலும் அதைத் தொடவில்லை. "அது அடிக்கிற அடிக்கு சவ்வு கிழிஞ்சு தொங்கிடும்" என்று சைக்கிள் பம்பை வைத்து இதமாக ஊதினார். கடைசியில் எல்லாவற்றையும் மாடிக்கு எடுத்து வந்து துணிக்கொடியில் காயப்போட்டார். என் சட்டைகளுக்கு நடுவே நீலநூல், சிவப்புநூல் கட்டிய கறுப்புக் குழாய்கள் காற்றில் ஆடின. என் வெள்ளைச் சட்டை ஒன்று அன்றோடு வெள்ளையாக இருப்பதை விட்டுவிட்டது.

குளிர் விடுவதற்குள் மகள் திரும்பி வந்தாள். மறுபடியும் கண்ணாடிக்கே அடிக்கிறது. குழாயில் மறுபடியும் ஈரம்.

மாஸ்டர் உறிஞ்சிப் பார்த்துக் குழம்பிப் போனார். ரேடியேட்டரைத் திறந்தார். நிரம்பியிருந்தது. பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தார். கோட்டின்மேல் கச்சிதமாக நின்றது. என்ஜின் ஆயிலும் அளவோடு இருந்தது. ஒரு குந்துபலகையை இழுத்துப் போட்டு வண்டிக்கு எதிரில் உட்கார்ந்து, பேச்சுவார்த்தைக்கு அழைத்தவர் மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணியும் குறையல, எண்ணெயும் குறையல. எதுவுமே குறையாம இந்த ஈரம் மட்டும் எங்கேருந்து சார் வருது? வண்டி அழுவுதா?"

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். குழந்தை காற்று வரும் துளைகளில் ஜூஸ் ஊற்றியிருக்கலாம். இதை அவர் உண்மையாகவே எடுத்துக்கொண்டதைப் பார்த்துத்தான் நான் பயந்தேன். நாக்கு மாஸ்டர் என் யோசனையைக் கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டாரா? பேத்தியை மடியில் வைத்து விசாரணையே நடத்தினார். அது எல்லாக் கேள்விக்கும் ஆமாம் என்று தலையாட்டியது. மகள் உள்ளிருந்து "அப்பா!" என்று ஒரு அதட்டல் போட்ட பிறகுதான் விட்டார்.

"இனிப்பாத்தான் இருந்துச்சு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டவர், சட்டென்று என் பக்கம் திரும்பி, "இனிப்பாத்தானே இருந்துச்சு?" என்று கேட்டார். என்னைக் கேட்டால் நான் எங்கே போவேன்? உறிஞ்சியது அவர். தலையும் புரியாமல் வாலும் புரியாமல் நானும் "ஆமாம்" என்று தலையாட்டி வைத்தேன், பேத்தியைப் போலவே.

மறுபடியும் நூல், ஸ்பிரிட், சைக்கிள் பம்பு, துணிக்கொடி. புது வால்வு சரியில்லை என்று முடிவு செய்து அதைவிடப் புதிய வால்வு போட்டார். வண்டி தயாரானது. மகளும் மாப்பிள்ளையும் குழந்தையும் காலையிலேயே வந்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று மகள் ஓட்டுநர் இருக்கையில் ஏறிவிட்டாள். குழந்தை பின்சீட்டில். மாஸ்டர் சாவியைக் கொடுத்துவிட்டார். சக்கரத்தின் அடியிலிருந்து செங்கல்லைக்கூட நகர்த்தியாகிவிட்டது.

"மாப்பிள்ளை, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போங்க. ஒரு நிமிஷம்தான்" என்று அந்த அம்மாள் மூன்று தம்ளர்களோடு வந்தார். ஒன்று மாஸ்டருக்கு, ஒன்று மாப்பிள்ளைக்கு, ஒன்று எனக்கு.

நான் ஒரு வாய் குடித்தேன். குடித்த வேகத்தில் வாசலில் துப்பினேன். உப்பு. கடல் தண்ணீரில் டீத்தூள் போட்டது போல அப்படி ஒரு உப்பு.

"ஐயய்யோ!" என்று அம்மாள் தலையில் கைவைத்தார். "புது பாக்கெட்டைப் பிரிச்சு சர்க்கரை டப்பாவுல கொட்டினேனே... உப்பு பாக்கெட்டா அது! மாப்பிள்ளை, குடிக்காதீங்க, வைங்க!"

மாப்பிள்ளை பாதி குடித்திருந்தார். முகம் கோணியிருந்தது, கண்களில் நீர் முட்டியிருந்தது. ஆனாலும் "பரவால்லை அத்தை, நல்லாத்தான் இருக்கு" என்றார்.

மாஸ்டரின் தம்ளர் காலியாக இருந்தது. அவர் மீசையைத் துடைத்துக்கொண்டு எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன், டீக்கு என்ன?"

மகள் கிளப்பிவிட்ட என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது.

"உப்புங்க" என்றார் அம்மாள். அந்த உரத்த குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "உங்களுக்குத் தெரியலையா?"

"ஜுரத்துக்கப்புறம் நீதானே எல்லாத்துலயும் உப்பையும் சர்க்கரையையும் குறைச்சிட்டே? டாக்டர் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன். பாவம், நமக்காகத்தானே செய்யறான்னு நானும் வாயைத் தெறக்கல."

"நான் எங்கங்க குறைச்சேன்? எப்பவும் போடறதுதானே போட்டேன்?"

அவர் தம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி மகளின் வண்டியைப் பார்த்தார். மகள் கண்ணாடியை இறக்கி, "போயிட்டு வரேம்ப்பா" என்று கையசைத்தாள். வண்டி ஒரு அடி முன்னால் உருண்டது.

அந்த மனிதர் ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தம்ளர் ஒரு பக்கம் உருள, போய் வண்டியின் முன்னால் நின்று இரண்டு கையாலும் பானெட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். தள்ளுகிறாரா தடுக்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. "நிறுத்தும்மா! ஹேண்ட்பிரேக்கைப் போடு! என்ஜினை அணை!" என்று கத்தினார். மாப்பிள்ளைதான் சட்டென்று குனிந்து செங்கல்லைச் சக்கரத்தடியில் தள்ளினார். மகள் முழி பிதுங்க இறங்கினாள். மாஸ்டர் சாவியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டு, பையின் பட்டனையும் மாட்டிக்கொண்டார். பிறகு குழந்தையைத் தூக்கி உள்ளே கொண்டுபோய்த் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார வைத்தார்.

பானெட்டைத் திறந்து, புதிதாக மாட்டிய குழாயைப் பிடுங்கினார். அதே வண்டியிலிருந்து கழற்றிச் சுவரோரம் போட்டிருந்த பழைய குழாய் ஒன்றையும் எடுத்துக்கொண்டார். கழுவாத அதன் வளைவில் இன்னும் ஈரம் இருந்தது. பழக்கத்தில் கை அதை வாய்க்குக் கொண்டுபோனது. பாதி வழியில் நின்றது.

பிறகு அதை மனைவியிடம் நீட்டினார்.

அந்த அம்மாள் குழாயையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். சுண்டு விரலை உள்ளே விட்டு, நாக்கு நுனியில் தொட்டார். முகம் சுருங்கியது.

"த்தூ! கசக்குதுங்க."

"இனிப்பு?"

"இனிப்பே இல்ல. காட்டுக் கசப்பு."

மாஸ்டர் சொம்பை எடுத்துத் தானே தண்ணீர் மொண்டு மனைவிக்குக் கொடுத்தார். "நல்லா கொப்பளி. முழுங்கிடாதே" என்றார். பிறகு பிரேக் ஆயில் டப்பாவின் பக்கம் திரும்பினார். அது இப்போதும் கோட்டின்மேல் கச்சிதமாக நின்றது. "அப்போ இது ஏன் குறையல? கசந்தா இது குறையணுமே?"

மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொள்ள மறந்துவிட்டார்.

"மாமா... அது... ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான்தான் கொஞ்சம் ஊத்தி நிரப்பிடுவேன். குறைஞ்சிருந்தா, வண்டியை ஒழுங்காப் பாத்துக்கலைன்னு நீங்க நெனச்சுக்குவீங்களேன்னு..."

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாஸ்டர் கையமர்த்தினார். பிரேக் சிலிண்டரின் இரண்டு நட்டுகளைக் கழற்றி அதைப் பூஸ்டரிலிருந்து விலக்கினார். ஒரு கம்பியில் துணியைச் சுற்றி உள்ளே விட்டு எடுத்தார். துணி சொட்டச் சொட்ட வந்தது. மகள் திரும்பி வாசலுக்கு வெளியே சரிவைப் பார்த்தாள். அடியில், வெகு தூரத்தில், பள்ளிக்கூடத்துக்குப் போகிற வண்டிகள் பொட்டுப் பொட்டாக நின்றுகொண்டிருந்தன. "நிக்கும்போது பெடல் கொஞ்சம் கீழ போற மாதிரி இருந்துச்சு. செருப்புதான் வழுக்குதுன்னு நெனச்சேன்" என்றாள். சொல்லிவிட்டு அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். நான் தலையாட்டிய ஒரு 'ஆமாம்' அந்தச் சரிவில் உருண்டு போவதைப் போல இருந்தது.

யாரும் யாரையும் திட்டவில்லை. மாப்பிள்ளை திட்டு விழும் என்று காத்திருந்து, விழாமல், அதிலும் குழம்பி, அலமாரிப் பக்கம் போய் நின்றார். மகளும் குழந்தையும் பஸ்ஸுக்கு நடந்தார்கள். புது சிலிண்டர் வாங்கி வர மாப்பிள்ளை கிளம்பினார்.

மாஸ்டர் குந்துபலகையில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் சாவி இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு கையை நீட்டி, நான் துப்பிவிட்டு வைத்திருந்த தம்ளரை எடுத்தார். ஆறிப்போன அந்த உப்பு டீயை ஒரு வாய் குடித்து, கன்னம் இரண்டும் குழிய, கண்ணை மூடிக்கொண்டு, வாயிலேயே வைத்திருந்தார். அம்மாள் மெஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தார். வெகுநேரம் கழித்து மாஸ்டர் அதை விழுங்கினார். பிறகு இன்னொரு வாய் எடுத்துக்கொண்டார்.